எல்லையோர பஞ்சாயத்து ஆபீஸ்ல ஓப்பன் சோர்ஸ்: எழுத்துருவுல ஆரம்பிச்சு பேக்கப் வரைக்கும் முழு வழிகாட்டி

கேரளா-தமிழ்நாடு எல்லையில பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை, அந்தப்பக்கம் இடுக்கியில தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு, இந்த மாதிரி பஞ்சாயத்து ஆபீஸ்ல வேலை மூணு எழுத்துல நடக்குதுங்க. ஜனங்க அபேட்சையை, அதாவது மனுவை, தமிழ்ல எழுதிட்டு வராங்க, பைல் மலையாளத்துல ஓடுது, ஆதார்ல பேரு இங்கிலீஷ்ல இருக்குது, இந்த மூணும் ஒரே ஆளைத்தான் சொல்லுதான்னு கண்டுபிடிக்கவே கிளார்க்குக்கு பாதி நாள் போயிரும். கேரளாவோட 1969 ஆட்சிமொழி சட்டத்துலயே தமிழ், கன்னட சிறுபான்மை ஜனங்க அவங்க மொழியில அரசாங்கத்துக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும்னு இருக்குது. சட்டம் இருந்தும் கம்ப்யூட்டர்ல தமிழ் ஒழுங்கா வரலேன்னா அந்த உரிமை காகிதத்தோட நின்னுரும். ஓப்பன் சோர்ஸ், அதாவது உள்ள இருக்கற கோடு எல்லாருக்கும் திறந்திருக்கற, யாரு வேணா பயன்படுத்தி மாத்திக்கற சாப்ட்வேர் பத்தி நான் எழுதறதுக்கு முதல் காரணமே இதுதான், காசு மிச்சமாகறது ரெண்டாவது காரணம்.

இது செக்ரட்டரி, கிளார்க், டெக்னிக்கல் அசிஸ்டண்ட், வார்டு மெம்பர், அப்புறம் பஞ்சாயத்துக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கற கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க எல்லாருக்குமா சேர்த்து எழுதறது. ஒரே மூச்சுல எல்லாத்தையும் செய்ய வேண்டாம், ஆனா வரிசையை மட்டும் மாத்தாதீங்க. நெறைய இடத்துல எடுத்த உடனே சர்வர் வாங்கறாங்க, அது ரெண்டு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள மூலையில துணி போத்திக் கெடக்குது.

எதைத் தொடக்கூடாது

பிறப்பு இறப்பு பதிவு, கட்டிட பெர்மிட், கட்டிட வரி, லைசன்ஸ், இதெல்லாம் மாநில அரசோட கே-ஸ்மார்ட்ங்கற ஆன்லைன் சிஸ்டத்துல நடக்குது. 2024 ஜனவரி 1ல முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன்ல ஆரம்பிச்சு, 2025 ஏப்ரல்ல கிராம பஞ்சாயத்துக்கும் வந்துருச்சு. அதுக்கு பதிலா நாமளே ஒண்ணு செய்யறோம்னு யாரும் கிளம்பாதீங்க, அது சட்டப்படியும் செல்லாது, நடைமுறைக்கும் ஒத்துவராது.

ஆனா கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க. 1999ல இன்பர்மேஷன் கேரளா மிஷன் வந்துச்சு, அதுலேர்ந்து சேவனா, சஞ்சயா, சாங்க்யா, சுலேகா, சங்கேதம், சகர்மா, சூசிகான்னு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாப்ட்வேர் இருந்துச்சு, அப்புறம் எல்லா வேலையையும் ஒண்ணா சேர்த்த ஐஎல்ஜிஎம்எஸ் வந்துச்சு, இப்ப கே-ஸ்மார்ட். ஒரு கிளார்க்கோட சர்வீஸ் காலத்துக்குள்ளயே இத்தனை மாத்தம். சாப்ட்வேர் மாறிக்கிட்டேதான் இருக்கும், ரிஜிஸ்டர் மாறாது. அதனால நம்ம பஞ்சாயத்தோட விவரம் எந்த சாப்ட்வேர் வந்தாலும் போனாலும் நாமளே திறந்து படிக்கற மாதிரி நம்ம கையில இருக்கணும். கீழ சொல்ற ஒவ்வொரு வேலையும் இதுக்காகத்தான்.

கே-ஸ்மார்ட்டுக்கு வெளிய எவ்வளவு வேலை இருக்குதுன்னு ஒரு நாள் ஆபீஸ்ல உக்காந்து பார்த்தா தெரியும். தெருவிளக்கு கணக்கு, பொதுக்குழாய், பொதுக்கிணறு, கிராமசபை நோட்டீஸ், பயனாளி பட்டியலோட வேலை காப்பி, வார்டு மேப், ரோடு லிஸ்ட், லாரியில தண்ணி விட்ட கணக்கு, வீடு வீடா குப்பை சேகரிக்கற ஹரித கர்ம சேனா எந்த வீட்டுக்கு போச்சு எந்த வீட்டுக்கு போகலை, மெம்பருங்க வாய்மொழியா சொன்ன குறை. இதெல்லாம் யாரோ ஒருத்தரோட எக்செல் பைல்லயும் வாட்ஸ்ஆப்லயும் கெடக்குது. நம்ம வேலை இங்கதான்.

முதல் வேலை: ஒரு பேப்பர், ஒரு பேனா

கம்ப்யூட்டரை திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சீட்டுக்கும் போய் நாலு கேள்வி கேளுங்க. என்னென்ன பைல் வெச்சிருக்கீங்க, எந்த எழுத்துருவுல டைப் பண்ணது, வேற யாருக்கு அது தேவைப்படுது, நீங்க நாளைக்கு டிரான்ஸ்பர் ஆனா அது எங்க இருக்கும். நாலாவது கேள்விக்கு வர்ற பதில்லயே எதை முதல்ல எடுக்கணும்னு தெரிஞ்சிரும். பென்டிரைவ்ல மட்டும் இருக்கறது, சொந்த ஈமெயில்ல மட்டும் இருக்கறது, இதுக்கெல்லாம் பக்கத்துல சிவப்பு மையில ஒரு கோடு போட்டு வைங்க.

எழுத்துரு சிக்கல்: இங்கதான் நேரம் எடுத்து நிக்கணும்

பழைய பைல் முக்கால்வாசி யூனிகோட்ல, அதாவது எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற பொது எழுத்து முறையில இருக்காது. மலையாளம் ஐஎஸ்எம்ங்கற பழைய டைப்பிங் சாப்ட்வேர்ல எம்எல்-டிடி கார்த்திகா மாதிரி எழுத்துருவுல இருக்கும், தமிழ் பாமினி, வானவில், டேப் மாதிரி ஏதாவது ஒண்ணுல இருக்கும். அந்த எழுத்துரு இருக்கற மெஷின்ல அழகா தெரியும், வேற மெஷின்ல திறந்தா சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா வரும். சோதிக்க சுலபமான வழி, நாலு வரி காப்பி பண்ணி பிரவுசர் தேடல் பெட்டியில ஒட்டிப் பாருங்க, தமிழா தெரிஞ்சா யூனிகோட், கிறுக்கலா தெரிஞ்சா பழைய எழுத்துரு.

மாத்தறதுக்கு ஓப்பன் சோர்ஸ்லயே கருவி இருக்குது. மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் ஆளுங்க செஞ்ச பையன்ஸ், தமிழுக்கு ஓப்பன்-தமிழ்ங்கற பைத்தான் நூலகத்துல பாமினி, வானவில், டேப், டிஸ்கி எல்லாத்தையும் யூனிகோட் ஆக்கற பகுதி இருக்குது. பைத்தான் தெரிஞ்ச ஒரு காலேஜ் பையனோ பொண்ணோ கூட உக்காந்தா வேலை நடந்துரும். மாத்தறதுக்கு முன்னாடி மூல பைலை தனி போல்டர்ல அப்படியே வைங்க, அதை அழிக்கவே கூடாது, ஏன்னா மாத்துனதுக்கப்புறம் ஒரு பேரு சந்தேகமா இருந்தா அதைத்தான் திரும்பிப் பாக்கணும்.

மாத்தி முடிச்சதும் கண்ணால பார்த்து சரின்னு விட்டுராதீங்க, தேடிப் பாருங்க. தமிழ்ல கொம்பு, கால் சேர்ற எழுத்து, அதாவது கொ, கோ, கௌ இதெல்லாம் சிலசமயம் துண்டு துண்டா சேமிச்சிருக்கும். 'ஸ்ரீ' எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா சேமிக்க முடியும், ரெண்டும் பார்வைக்கு ஒண்ணுதான், அதனால குடும்பஸ்ரீன்னு (கேரளாவோட மகளிர் குழு திட்டம்) தேடுனா பாதி வரி வரும் பாதி வராது. மலையாளத்துல சில்லு எழுத்தும் (புள்ளி வெச்ச மெய் மாதிரி வர்ற எழுத்து) இதே கதை, 2008ல யூனிகோட் 5.1 வந்தப்பதான் அதுக்கு தனி கோடு கிடைச்சுது, அதுக்கு முந்தி டைப் பண்ணதுல அதே எழுத்து வேற மாதிரி உள்ள உக்காந்திருக்கும். பெண்ஷன் பட்டியல்ல ஒரு பாட்டியோட பேரு தேடுனா கிடைக்கலேன்னா அந்தம்மா பேரு விட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க, எழுத்து வேற மாதிரி உள்ள இருக்குதுன்னு அர்த்தம். இது தெரியாம 'லிஸ்ட்ல இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டா அவங்களுக்கு எவ்வளவு அலைச்சல். அதனால ஒரே மாதிரி ஆக்கறதை ஒரு தனி வேலையாவே எடுத்து செய்யுங்க, லிப்ரே ஆபீஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஆபீஸ் சாப்ட்வேர்ல தேடி-மாத்து வசதியிலயே பெரும்பாலானதை முடிச்சிரலாம்.

புதுசா டைப் பண்ண எந்த எழுத்துரு? மலையாளத்துக்கு மீரா, ரச்சனா, மஞ்சரி. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித், இல்லேன்னா மீரா இனிமை. இந்த மீரா இனிமை நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், மலையாள எழுத்துரு செஞ்ச அதே ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுதான் இதையும் கொண்டு வந்தாங்க, அதனால ஒரே நோட்டீஸ்ல மேல மலையாளமும் கீழ தமிழும் போட்டா மீராவும் மீரா இனிமையும் பக்கத்துல பக்கத்துல ஒத்து நிக்குது. எல்லாமே ஓப்பன் லைசன்ஸ், எத்தனை மெஷின்ல வேணா போட்டுக்கலாம்.

கீபோர்டு விஷயத்துல சண்டை வேண்டாம். கேரளா ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு மலையாளம் இன்ஸ்கிரிப்ட் (இந்திய மொழிகளுக்கான ஒரு கீபோர்டு அமைப்பு) கை பழகியிருக்கும், தமிழுக்கு அதே இன்ஸ்கிரிப்ட்டே போட்டா அவங்களுக்கு சுலபம், ஏன்னா ரெண்டு மொழியிலயும் ஒரே ஒலிக்கு பெரும்பாலும் ஒரே கட்டைதான். தமிழ்நாட்டுல படிச்சிட்டு வந்தவங்களுக்கு தமிழ்99 கீபோர்டு. ரெண்டையும் போட்டு வைங்க, வர்ற பைல் யூனிகோடா இருந்தா போதும், எப்படி டைப் பண்ணாங்கங்கறது யாருக்கும் தேவையில்ல.

லிப்ரே ஆபீஸ்: விண்டோஸை தொடாமலே ஆரம்பிக்கலாம்

விண்டோஸுக்கு பதிலா போடற ஓப்பன் சோர்ஸ் சிஸ்டமான லினக்ஸுக்கு மாத்தறதை தள்ளி வைங்க. இருக்கற விண்டோஸ் மெஷின்லயே லிப்ரே ஆபீஸ் போட்டு ரெண்டு மூணு மாசம் ஓட்டுங்க. போட்ட உடனே டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்புல சிக்கலான எழுத்து அமைப்புன்னு ஒரு பகுதி இருக்கும், அதை ஆன் பண்ணி தமிழோ மலையாளமோ தேர்ந்தெடுங்க, இதை செய்யாம விட்டாதான் 'எழுத்துரு மாறிக்கிட்டே இருக்குது'ன்னு எல்லாரும் திட்டறாங்க.

சேமிக்கறது ஓடிடி (கடிதம்), ஓடிஎஸ் (கணக்கு ஷீட்) வடிவத்துல. இது ரெண்டும் சேர்ந்த ஓடிஎஃப்ங்கறது 2006லேர்ந்து ஐஎஸ்ஓ தரம், எந்த கம்பெனி இருந்தாலும் போனாலும் திறக்கும். வெளிய அனுப்பறது பிடிஎஃப்ல. பிடிஎஃப் எடுக்கறப்ப ஹைப்ரிட்னு ஒரு டிக் இருக்குது, அதை போட்டா பிடிஎஃப்குள்ளயே மூல பைலும் சேர்ந்து போகும், வாங்கறவங்க படிக்கலாம், நாம பின்னாடி அதையே திறந்து திருத்தலாம், ரொம்ப உபயோகமான வசதி ஆனா யாரும் கண்டுக்கறதே இல்ல.

சிஎஸ்வி பைல் (கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து பட்டியல்) வந்தா நேரா டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறக்காதீங்க, தமிழும் மலையாளமும் குப்பையா வந்துரும், அதை அப்படியே சேமிச்சா போச்சு. லிப்ரே ஆபீஸோட எக்செல் மாதிரியான கால்க்ல திறந்தா என்ன எழுத்து முறைன்னு கேக்கும், யூடிஎஃப்-8 கொடுங்க.

அப்புறம் டெம்ப்ளேட். கிராமசபை நோட்டீஸ், கமிட்டி அஜெண்டா, மனுவுக்கு ரசீது, குறைக்கு பதில் கடிதம், இந்த நாலையும் ரெண்டு மொழியில ஒரே பக்கத்துல வர்ற மாதிரி செஞ்சு வைங்க. மெயில் மெர்ஜ்ல பட்டியலை சேர்த்துட்டா ஒவ்வொருத்தருக்கும் அவங்க மொழியில கடிதம் தானா வரும், பட்டியல்ல 'மொழி'ன்னு ஒரு காலம் (ஷீட்ல மேலேர்ந்து கீழ வர்ற பத்தி) மட்டும் சேர்த்துக்கணும். எந்த மொழியில கடிதம் வேணும்னு மனு வாங்கறப்பவே ஃப்ரண்ட் ஆபீஸ்ல கேட்டு குறிச்சுக்கிட்டா ஆட்சிமொழி சட்டம் சொன்னது அங்கயே நடந்துரும்.

இப்ப அந்த மூணு எழுத்து பேரு குழப்பத்துக்கு வருவோம். ஒரே அம்மா ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியல்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. பேரை வெச்சு ரெண்டு பட்டியலை ஒட்ட முயற்சி பண்ணாதீங்க. வீட்டு நம்பரை வெச்சு ஒட்டுங்க. ஆனா கேரளாவுல வீட்டு நம்பர் வார்டு நம்பரோட சேர்ந்து வரும், வார்டு எல்லை மாறுனா அதுவும் மாறிரும், அதனால பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு காலம் வைங்க, பழசை அழிக்காதீங்க, மாறாத ஒரு வரிசை எண்ணை நீங்களே மூணாவதா கொடுத்துக்கோங்க. பேருக்கு மூணு எழுத்துக்கும் மூணு காலம். ஆதார் நம்பரை இந்த மாதிரி வேலை பைல்ல எழுதவே எழுதாதீங்க.

வார்டு மேப்பும் தெருவிளக்கும்

பஞ்சாயத்து வேலையில மேப் மாதிரி உபயோகமானது வேற இல்லீங்க. இதுக்கு கம்ப்யூட்டர்ல க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாப்ட்வேர், போன்ல அதோட சேர்ந்து ஓடற க்யூஃபீல்டு ஆப், ரெண்டும் ஓப்பன் சோர்ஸ். கேரளா முழுக்க வார்டு மறுவரையறை நடந்தப்ப எல்லை வரைய இந்த க்யூஃபீல்டைத்தான் பயன்படுத்துனாங்க, அதனால அந்த வேலையில இருந்தவங்க உங்க ஆபீஸ்லயோ பக்கத்து பஞ்சாயத்துலயோ கண்டிப்பா யாராவது இருப்பாங்க, அவங்களை விடாதீங்க.

தெருவிளக்குல ஆரம்பிக்கறது நல்லது, ஏன்னா பலன் உடனே தெரியும், மெம்பருங்களுக்கும் ஆர்வம் வரும். க்யூஜிஐஎஸ்ல ஜியோபேக்கேஜ்ங்கற பைல் வகையில ஒரு லேயர் (மேப் மேல வர்ற ஒரு அடுக்கு) போடுங்க, ஒரே பைல்தான். போஸ்ட் நம்பர், வார்டு, விளக்கு வகை, எரியுதா இல்லையா, போட்டோ, பார்த்த தேதி, இவ்வளவு போதும். எரியுதா இல்லையாங்கறதை டைப் பண்ண விடாம பட்டியல்லேர்ந்து தேர்ந்தெடுக்கற மாதிரி வைங்க, டைப் பண்ண விட்டா ஆளுக்கொரு விதமா எழுதுவாங்க அப்புறம் எண்ண முடியாது. க்யூஃபீல்டுசிங்க் ப்ளக்இன் மூலமா போனுக்கு கேபிள்லயே ஏத்திக்கலாம், இன்டர்நெட்டே வேண்டாம்.

இதுவரைக்கும் எப்படி நடக்குதுன்னா, மெம்பர் அக்கா போன் பண்ணி "தம்பி, நம்ம கோயில் திருப்பத்துல லைட்டு எரியலப்பா"ங்கறாங்க, "எந்த போஸ்ட்டுங்க அக்கா?"ன்னு கேட்டா "அதான்ப்பா, அந்த புளியமரத்துக்கிட்ட"ங்கறாங்க, லைன் வேலை செய்யறவருக்கு எந்த புளியமரம்னு தெரியாம திரும்பிப் போயிடறாரு. மேப் இருந்தா போஸ்ட் நம்பரை சொன்னா போதும். மின்வாரியத்துக்கு கட்டற தெருவிளக்கு பில்லையும் இந்த கணக்கையும் ஒத்துப் பாக்கலாம், கமிட்டியில கேள்வி வந்தா காட்டறதுக்கு கையில ஒண்ணு இருக்கும். சொல்லப்போனா கேரள மின்வாரியமே லோ டென்ஷன் (குறைஞ்ச அழுத்த) கரண்ட் பில்லிங்குக்கு 'ஒரும'ன்னு சொந்த ஊழியர்களை வெச்சே ஓப்பன் சோர்ஸ்ல, போஸ்ட்கிரெஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் மேல சாப்ட்வேர் செஞ்சு ஓட்டுனவங்கதான். அரசு ஆபீஸ்ல இதெல்லாம் நடக்குமான்னு கேக்கறவங்களுக்கு அதைச் சொல்லுங்க.

மேப்போட அளவு முறை பத்தி ஒரு சின்ன விஷயம். தூரம், பரப்பு அளக்கணும்னா பாலக்காடு, இடுக்கி பக்கம் யூடிஎம்ங்கற மீட்டர் கணக்கு முறையில மண்டலம் 43 வடக்கு, அதாவது க்யூஜிஐஎஸ்ல தேர்ந்தெடுக்கற இபிஎஸ்ஜி கோடு 32643 போடுங்க. ஆந்திரா எல்லையில சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இருக்கறவங்களுக்கு 44, அதாவது 32644. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு கிழக்க போனா மாறும், அவ்வளவுதான். இதை தப்பா வெச்சா ரோடு நீளம் எஸ்டிமேட்டோட ஒத்துவராது.

போன் ஜிபிஎஸ் நாலஞ்சு மீட்டர் அங்க இங்க காட்டும். போஸ்ட்டுக்கும் கிணத்துக்கும் அது போதும். எல்லைக்கல் தகராறுக்கு இந்த மேப்பை யாரும் எடுத்துக்கிட்டு போகக்கூடாது, அது சர்வே டிபார்ட்மெண்ட் வேலை, மேப்லயே கீழ அப்படி ஒரு வரி அச்சடிச்சு வைங்க.

அடுத்தது கிணறு. பாலக்காடு மாவட்டத்து சித்தூர் தாலுக்காவோட கிழக்குப் பக்கம் எப்பவுமே தண்ணிக்கு தட்டுப்பாடுதான், கேரளாங்கற பேரைக் கேட்டு மழை கொட்டும்னு நினைக்கறவங்களுக்கு இது புரியாது. பெருமாட்டி பஞ்சாயத்து 2003ல நிலத்தடி தண்ணி குறையறதை காரணம் காட்டி பிளாச்சிமடையில இருந்த கோக்க கோலா பேக்டரிக்கு லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டோம்னு முடிவெடுத்துச்சு, 2004 மார்ச்சுல பேக்டரி நின்னுச்சு, கேஸ் வருஷக்கணக்கா கோர்ட்ல நடந்துச்சு. அந்த மாதிரி ஒரு நாள் எந்த பஞ்சாயத்துக்கும் வரலாம். அன்னைக்கு கோர்ட் கேக்கறது கணக்கு. ஒவ்வொரு வார்டுலயும் சில பொதுக்கிணறு தேர்ந்தெடுத்து, மழைக்கு முன்னாடி ஒருக்கா மழைக்கு அப்புறம் ஒருக்கா தண்ணி மட்டத்தை அளந்து அதே இடம், அதே பைல்ல தேதியோட சேர்த்துக்கிட்டே வந்தா, பத்து வருஷம் கழிச்சு அதுக்கு இருக்கற மதிப்பு எந்த சாப்ட்வேருக்கும் இருக்காது. இதை மட்டும் யாராவது ஆரம்பிச்சாங்கன்னா எனக்கு அதைவிட சந்தோஷம் இல்ல.

பொதுவான விஷயம், அதாவது ரோடு, ஸ்கூல், அங்கன்வாடி, பொதுக்கிணறு, ஊர் பேரு இதையெல்லாம் எல்லாரும் சேர்ந்து வரையற பொது மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயும் சேருங்க. அதுல ஒரே இடத்துக்கு தமிழ்ல ஒரு பேரு, மலையாளத்துல ஒரு பேரு, இங்கிலீஷ்ல ஒரு பேருன்னு தனித்தனியா எழுத இடம் இருக்குது. நம்ம ஊர் பேரை நாம சொல்ற மாதிரியே மேப்ல ஏத்தறதுக்கு யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. ஆனா கூகுள் மேப்பைப் பார்த்து காப்பி அடிக்கக்கூடாது, நேர்ல போய்த்தான் எழுதணும். வீட்டுக்காரங்க பேரு, போன் நம்பர் எதையும் அங்க போடக்கூடாது.

வீடு வீடா சர்வே

சர்வேக்கு ஓடிகே, இல்லேன்னா கோபோ டூல்பாக்ஸ், ரெண்டும் போன்ல கேள்வி-பதில் சேகரிக்கற ஓப்பன் சோர்ஸ் கருவி. கேள்வியை ஒரு ஷீட்ல எழுதி ஏத்துனா போன்ல ஃபார்மா வந்துரும். இதுல நமக்கு பெரிய வசதி என்னன்னா, ஒவ்வொரு கேள்விக்கும் தமிழ் ஒரு காலம், மலையாளம் ஒரு காலம் வெச்சுக்கலாம், போன்ல மொழியை மாத்துனா கேள்வி மாறும், பதில் உள்ள ஒரே கோடாத்தான் சேமிக்கும். ஆஷா அக்காவோ ஹரித கர்ம சேனா அக்காவோ தனக்கு வர்ற மொழியில கேக்கலாம், ஆபீஸ்ல வந்து சேரறப்ப ஒரே கணக்கா இருக்கும், யாரும் மொழி மாத்தி எழுத வேண்டியதில்ல.

சிக்னல் இல்லாத இடத்துலயும் வேலை செய்யுது, திரும்பி வந்து நெட் கிடைச்சதும் அனுப்பிக்கலாம். முதலமடை பஞ்சாயத்துல இருக்கற பரம்பிக்குளம் ஊர்களுக்கு காலங்காலமா பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப்னு தமிழ்நாட்டுக்குள்ள சுத்தித்தான் வண்டி போகுது, அங்க போயிட்டு 'ஃபார்ம் லோட் ஆகல'ன்னு திரும்பி வர முடியுமா? கிளம்பறதுக்கு முன்னாடி ஃபார்மையும் மேப்பையும் போன்ல இறக்கி, ஏரோபிளேன் மோட்ல போட்டு ஒருக்கா நிரப்பிப் பார்த்துட்டு கிளம்புங்க.

கேள்வி கம்மியா வைங்க. 'கேட்டு வெச்சா பின்னாடி உதவும்'னு நாப்பது கேள்வி சேர்த்தா பதில் பூரா அவசரத்துல போட்டதாத்தான் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இந்த பதிலை வெச்சு என்ன முடிவெடுப்போம்னு கமிட்டியில சொல்ல முடியணும், சொல்ல முடியலேன்னா அந்த கேள்வியை எடுத்துருங்க.

இப்ப லினக்ஸ்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஓட இலவச பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திருச்சு, ஆபீஸ்ல இருக்கற பழைய மெஷின் நெறைய விண்டோஸ் 11 ஏத்தறதுக்கு தகுதியில்ல. அதையெல்லாம் கழிச்சுக்கட்டறதுக்கு பதிலா பழைய மெஷினுக்கு ஏத்த லேசான லினக்ஸ் வகையான லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ, இல்லேன்னா லுபுன்டு போட்டா நல்லாவே ஓடும். கேரளாவுல அரசு ஸ்கூல்ல ஐடி@ஸ்கூல் திட்ட காலத்துலேர்ந்து, இப்ப அதுக்கு பதிலா வந்த கைட் அமைப்பு வரைக்கும் லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் சொல்லித்தராங்க, அதனால இங்க படிச்சு வேலைக்கு வந்த இளவட்டத்துக்கு இது புதுசே இல்ல, பயப்படறது பெரும்பாலும் மேல இருக்கறவங்கதான்.

மாத்தறதுக்கு முன்னாடி மூணை சோதிங்க. ஒண்ணு செக்ரட்டரியோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்குதான்னு டோக்கன் கொடுத்தவங்ககிட்ட கேளுங்க. ரெண்டு, பிரிண்டரும் ஸ்கேனரும். மூணு, வருகை பதிவு பண்ற பஞ்சிங் மெஷின். இந்த மூணுல எதாவது தகராறு பண்ணா அதுக்கு மட்டும் ஒரு விண்டோஸ் மெஷினை வைங்க, அதுல வெட்கம் ஒண்ணுமில்ல. பென்டிரைவ்லேர்ந்தே லினக்ஸை ஓட்டிப் பாக்கலாம், ஹார்ட்டிஸ்க்கை தொடாம ஒரு நாள் பூரா வேலை செஞ்சு பாத்துட்டு அப்புறம் முடிவெடுங்க. ஃப்ரண்ட் ஆபீஸ் மெஷினை கடைசியா மாத்துங்க, ஜனங்க வரிசையில நிக்கறப்ப நாம பாடம் படிக்கக்கூடாது.

சர்வர் வேணுமா?

ஒரு பஞ்சாயத்துக்கு வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து. மனு ரிஜிஸ்டருக்கு ஒரு கால்க் ஷீட் போதும்: வரிசை எண், தேதி, வார்டு, விஷயம், யாருகிட்ட இருக்குது, எப்ப பதில் போச்சு. அதை ஆறு மாசம் ஒழுங்கா நிரப்பற பழக்கம் வந்துச்சுன்னா அப்புறம் பெருசா யோசிக்கலாம். நெக்ஸ்ட்கிளவுட்ங்கற பைல் பகிர்வு சாப்ட்வேரை ஒரு சர்வர்ல போட்டு ஆபீஸ்குள்ளயே பைல் பகிரலாம், நல்ல சாப்ட்வேர்தான், ஆனா அப்டேட் போடறதுக்கு ஒரு ஆளு பேரு எழுதி வைக்க முடியலேன்னா போடாதீங்க. பிளாக் அளவுல பத்து பஞ்சாயத்து சேர்ந்து ஒண்ணு வெச்சா அர்த்தம் இருக்குது. அந்த அளவுக்கு போறப்ப திருவனந்தபுரத்துல 2011லேர்ந்து இருக்கற ஐசிஃபாஸ்ங்கற அரசு அமைப்புகிட்ட பேசுங்க, ஓப்பன் சோர்ஸுக்குன்னே இருக்கறவங்க. தமிழ்ல படிச்சு கத்துக்கணும்னா 2012லேர்ந்து வர்ற கணியம்ங்கற தமிழ் இதழ் இருக்குது, லினக்ஸ், பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் தமிழ்லயே கிடைக்கும். ஆந்திரா பக்கம் 2019லேர்ந்து கிராம சச்சிவாலயத்துல (ஊர் அரசு ஆபீஸ்) டிஜிட்டல் அசிஸ்டண்ட்னு ஒரு போஸ்ட்டே இருக்குது, அங்க இருக்கற நம்ம ஆளுங்க அவங்களோட சேர்ந்து தெலுங்கு, தமிழ்னு ரெண்டு காலம் வெச்சு இதே வேலையை செய்யலாம்.

பேக்கப், பூட்டு

மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற கட்டிடத்துல. ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் ஒண்ணா மாத்தி மாத்தி எடுங்க, எடுத்ததும் கழட்டி வைங்க, சொருகியே வெச்சிருந்தா இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் சேர்ந்தே போயிரும். துலாவர்ஷ (வடகிழக்கு பருவமழை) சமயத்துல சாயங்கால இடி எப்படி இருக்கும்னு நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. டிஸ்க்கை வெராகிரிப்ட்ங்கற சாப்ட்வேர்ல பாஸ்வேர்டு போட்டு பூட்டுங்க, உள்ள இருக்கறது ஜனங்களோட விவரம், 2023ல தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டமே வந்தாச்சு. மாசம் ஒரு நாள் பேக்கப்லேர்ந்து ஒரு பைலை எடுத்து வேற மெஷின்ல திறந்து பாருங்க, திறந்து பாக்காத பேக்கப்பை நம்பாதீங்க. யாரோட சொந்த கூகுள் டிரைவும் பஞ்சாயத்து பேக்கப் ஆகாது.

தீர்மானம், ஒர்க் ஆர்டர், டிரான்ஸ்பர்

சாப்ட்வேருக்கு காசு இல்லேன்னாலும் வேலைக்கு காசு இருக்குது, அதை மறைக்காம கமிட்டியில வைங்க. டிரெய்னிங், டிஸ்க், யூபிஎஸ், பழைய பைல் மாத்தற கூலி, இதுக்கு தீர்மானம் போட்டு தொகை ஒதுக்குங்க. நோட்ல 2015 மார்ச்சுல மத்திய அரசு போட்ட ஓப்பன் சோர்ஸ் கொள்கையை குறிப்பிடலாம். அது மத்திய அரசு துறைகளுக்கானதுதான், இருந்தாலும் ஆடிட்ல கேள்வி வந்தா எதை அடிப்படையா வெச்சு முடிவெடுத்தோம்னு காட்ட உதவும்.

வெளி ஆளுகிட்ட வேலை கொடுத்தா ஒர்க் ஆர்டர்லயே எழுதிருங்க: டேட்டா பஞ்சாயத்துக்கு சொந்தம், கேட்டப்ப சிஎஸ்வி வடிவத்துல முழுசா தரணும், எழுதுன கோடு ஓப்பன் லைசன்ஸ்ல பஞ்சாயத்துக்கு வரணும், அட்மின் பாஸ்வேர்டு மூடுன கவர்ல செக்ரட்டரிகிட்ட இருக்கணும். கடைசி பில்லை இது நாலும் கைக்கு வந்தப்புறம் பாஸ் பண்ணுங்க.

டிரான்ஸ்பர் நம்ம பக்கத்துல பெரிய தலைவலி. தமிழ் படிக்கத் தெரிஞ்ச கிளார்க் போயிட்டு தெரியாதவங்க வருவாங்க. அதுக்கு ரெண்டு மொழியிலயும் நாலு பக்க குறிப்பு ஒண்ணு அச்சடிச்சு பைல் போட்டு வைங்க: எந்த போல்டர்ல என்ன இருக்குது, எந்த எழுத்துரு, பேக்கப் டிஸ்க் எங்க, மேப்பை திறக்கறது எப்படி, சர்வே ஃபார்ம் அக்கவுண்ட் எந்த ஆபீஸ் ஈமெயில்ல இருக்குது, குழப்பம் வந்தா பக்கத்து பஞ்சாயத்துல எந்த சீட்டுல கேக்கணும். ரிலீவ் ஆகறவங்களும் ஜாயின் பண்றவங்களும் அதை முன்னாடி வெச்சு ஒரு பேக்கப்பை சேர்ந்து திறந்து பார்த்து, பாஸ்வேர்டை மாத்தி, கீழ ரெண்டு பேரும் தேதி போட்டு கையெழுத்து போடட்டும்.